வேலூர்க் கோட்டையில் 1806-ஐத் தேடுகிறவர்களுக்கு

ஆரணிப் பக்கத்துத் திருமலை எங்கள் ஊர். நேமிநாதர் சிலையைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் வந்தால், மறுநாள் கண்ணமங்கலம் வழியாக வேலூர்க் கோட்டைக்குப் பஸ் ஏறிவிடுவோம். ஜலகண்டேஸ்வரர் தரிசனம், அகழியோரம் ஒரு போட்டோ, அவ்வளவில் பலர் திரும்பிவிடுகிறார்கள். 1806 ஜூலை 10 அன்று நடந்த சிப்பாய்க் கிளர்ச்சியில், சில மணி நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் செத்த இடம் அது. அதைப் பார்க்கப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சில யோசனைகள்.

படித்துவிட்டுப் போங்கள். கோயில், சர்ச், அலுவலகங்கள், அருங்காட்சியகம் எல்லாம் இருக்கும் கோட்டைக்குள் 1806 தானாகக் கண்ணில் படாது. கும்பினிப் படையில் புதுத் தலைப்பாகையைத் திணித்தார்கள். நெற்றிக்குறி, தாடி, கடுக்கன் கூடாது என்றார்கள். மறுத்தவர்களுக்குக் கசையடி விழுந்தது. திப்புவின் பிள்ளைகளும் அப்போது அங்கேதான் காவலில் இருந்தார்கள். இவ்வளவு தெரிந்தாலே நடக்கும்போது கால் தானாக நிதானப்படும்.

வெளியிலிருந்து தொடங்குங்கள். முதலில் மக்கான் சந்திப்பிலுள்ள சிப்பாய்க் கிளர்ச்சி நினைவுத்தூண், அடுத்து கோட்டை, கடைசியில் அருகிலுள்ள பழைய ஐரோப்பியக் கல்லறைத் தோட்டம். ஜூலை 10 அன்று போனால் தூணுக்கு மாலை போடுவதைப் பார்க்கலாம். அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

கல்லறைத் தோட்டத்தைத் தவிர்க்காதீர்கள், அன்றைய வெள்ளைக்காரச் சாவுகளை நினைவுபடுத்துவது அதுதான். விடியுமுன் எழுந்த சிப்பாய்கள், தூக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் படையினரைச் சுட்டார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்த நோயாளிகளையும் விடவில்லை. அந்தப் பக்கம் மாண்டவர்கள் நூற்றுக்கு மேல். பிறகு ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வெள்ளைக்கார அதிகாரி கில்லஸ்பி வந்தார். அரண்மனைக்குள் பதுங்கியிருந்த சுமார் நூறு சிப்பாய்களை வெளியே இழுத்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அன்று செத்த சிப்பாய்கள் சுமார் 350 பேர் என்பார்கள். அதன்பின் விசாரணை நடத்தி, சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள்.

பிள்ளைகள் கேட்டால் மழுப்பாதீர்கள். "நாம யாரு பக்கம் மாமா?" என்று அக்கா மகன் கேட்டான். "சிப்பாய்ங்க பக்கம்தான்டா. ஆனா ஆஸ்பத்திரில கெடந்தவங்கள சுட்டதையும் சேர்த்துத்தான் சொல்லணும்" என்றேன். ஒரு பக்கம் நிற்பதில் தவறில்லை. அதற்காக அந்தப் பக்கத்துக்கு ஒவ்வாத சாவை மறைத்தால் பிள்ளைக்குப் பாதிக் கதைதான் போய்ச் சேரும்.

மற்றவர்களைக் கண்டிக்காதீர்கள். புல்தரையில் குடும்பத்தோடு கட்டுச்சோறு பிரிப்பவர்கள் யாரையும் அவமதிக்கவில்லை. கோட்டை ஊர்க்காரர்களுக்குப் பூங்காவும்தான். உங்களோடு வந்தவர்களுக்கு மட்டும் சொல்லுங்கள். தூணருகே சொன்னால் காதில் விழாது, வண்டிச் சத்தம் அதிகம். கோட்டைக்குள் ஒரு மரநிழலில் உட்கார்ந்து சொன்னால் அரைமணியில் முழுக்கதையும் முடிந்துவிடும்.