அச்சை உடைக்கும் முன்

கோள்களின் நிறையை வரைபடமாகப் போடுவதாக வைத்துக்கொள்வோம். பூமி 1 என்றால் யுரேனஸ் 14.5, நெப்டியூன் 17, சனி 95, வியாழன் 318. வியாழனின் பட்டைக்கு 15 செ.மீ. உயரம் கொடுத்தால் பூமிக்கு அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. செங்குத்து அச்சின் நடுப்பகுதியை வெட்டிவிடலாமா என்ற எண்ணம் இங்கேதான் வருகிறது.

செய்ய வேண்டியவை

• முதலில் மடக்கை அளவில், அதாவது லாக் ஸ்கேலில், போட்டுப் பாருங்கள். பைத்தானின் மேட்பிளாட்லிப் நூலகத்தில் இதற்கு ஒரே வரி போதும். 0.055 உள்ள புதனும் 318 உள்ள வியாழனும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரியும். பட்டை வேண்டாம், புள்ளி வையுங்கள். மடக்கை அளவில் பூஜ்யம் இல்லாததால் பட்டை எழும்ப அடித்தளமே கிடையாது.

• உடைத்தே தீர வேண்டுமென்றால், ஒரே கிடை அச்சைப் பகிரும் இரண்டு துணைப்படங்களை மேலும் கீழுமாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி எல்லை கொடுங்கள். மேல்படத்தின் அடிக்கோட்டையும் கீழ்ப்படத்தின் மேல்கோட்டையும் மறைத்துவிட்டு, வெட்டிய இடத்தில் சாய்கோடுகள் போடுங்கள். அந்தக் கோடுகள் சட்டத்துக்கு வெளியே நீளும். சட்டத்தைத் தாண்டுவதை வெட்டிவிடும் கிளிப்பிங்கை அணைக்காவிட்டால் பாதிக்கோடு காணாமல் போகும்.

• இரு துண்டுகளிலும் ஓர் அலகுக்கு ஒரே உயரம் இருக்கட்டும்.

• எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை வெட்டினீர்கள் என்பதைப் படக்குறிப்பில் எழுதுங்கள்.

• 'ஆர்' மொழியில் ஜிஜிபிரேக் தொகுப்பு உண்மையிலேயே அச்சை வெட்டும். பிளாட்ரிக்ஸ் தொகுப்பில் உள்ள 'ஆக்ஸிஸ் பிரேக்' கட்டளை உடைப்புக் குறியை மட்டுமே வரையும், தரவை நகர்த்தாது.

செய்யக்கூடாதவை

• பட்டை வரைபடத்தை உடைக்காதீர்கள். பட்டையில் நீளம்தான் அளவு. மேலே சொன்ன கோள்களுக்கு 0–20, 300–320 என்று இரண்டு துண்டுகள் வைத்தால், வியாழனின் பட்டை கண்ணுக்கு 38 அலகாகவும் நெப்டியூனுடையது 17 ஆகவும் தெரியும். உண்மையில் கிட்டத்தட்ட 19 மடங்கு உள்ள வித்தியாசம் இரண்டே சொச்சம் மடங்காகச் சுருங்கிவிடும். அச்சில் எண்கள் சரியாகவே இருந்தாலும் பார்ப்பவர் மனதில் நிற்பது நீளம்தான்.

• வெட்டுக்குள் எந்தத் தரவும் விழக்கூடாது. அதே படத்தில் சனியின் பட்டை 20-ஐத் தொட்டு நின்றுவிடும். புள்ளியாக வைத்திருந்தால் சனி என்ற கோளே படத்தில் இருக்காது. மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது.

• கோட்டு வரைபடத்தில் வெட்டின் இருபுறத்தையும் கோட்டால் இணைக்காதீர்கள். அந்தச் சரிவுக்கு எந்தப் பொருளும் இல்லை.

• எக்செல்லில் உடைந்த அச்சுக்கு நேரடி வசதி கிடையாது. அதற்காக வெள்ளைக் கட்டம் ஒன்றை ஒட்டி மறைக்காதீர்கள். தரவு மாறினால் அச்சின் எண்கள் நகரும். கட்டம் பழைய இடத்திலேயே நின்று வேறு எதையாவது மறைக்கும்.

படத்தை அனுப்பும் முன், தரவைப் பார்க்காத ஒருவரிடம் காட்டி, எது எதைவிட எத்தனை மடங்கு பெரிது என்று கேளுங்கள். தவறாகச் சொன்னால் மாற்ற வேண்டியது படத்தைத்தான்.