தொழில் மனநிறைவும் மாறும் அளவுகோலும்

ஒருவர் தம் தொழிலில் காணும் மனநிறைவு கூலியின் அளவினால் மட்டும் அமைவதன்று. அக்கூலியை அவர் எதனோடு ஒப்பிடுகிறார் என்பதையும் அது பொறுத்தது. சமூக மதிப்புகள் மாறும்போது இவ்வளவுகோலும் மாறுகிறது. கொல்கத்தாவையடுத்த ஹூக்ளி ஆற்றங்கரைச் சணல் ஆலைகளின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

முதல் ஆலை 1855-இல் ரிஷ்ராவில் தோன்றியது. நாளடைவில் பீகார், இன்றைய உத்தரப் பிரதேசம், ஒடிசா, தெலுங்கு மாவட்டங்கள் ஆகிய பகுதிகளிலிருந்து பல்லாயிரவர் வந்து சேர்ந்தனர். பெரும்பாலோரின் குடும்பம் கிராமத்திலேயே இருந்தது. நெருக்கமான 'லைன்' அறைகளில் பலர் கூடித் தங்கி, தூசியும் இரைச்சலும் மிகுந்த தறிக்கூடத்தில் உழைத்தனர். ஆயினும் மணியார்டர் ஊர் சேர்ந்து, அடகு வைத்த நிலம் மீண்டால், உழைப்பு பயன் தந்ததாகவே கொண்டனர். மனக்குறை வேறிடத்தில் இருந்தது. வேலை தருவதும் நீக்குவதும் பெரும்பாலும் சர்தாரின் கையில் இருந்தன. அவருக்குத் 'தஸ்தூரி' செலுத்தவேண்டும். அறுவடைக்கு ஊர் சென்றவர் திரும்பி வருகையில் தம் தறி தமக்கே கிடைக்கும் என்னும் உறுதியில்லை. 1931-இல் வெளிவந்த விட்லி ஆணைக்குழு அறிக்கை இத்தகைய இடைத்தரகு முறையைக் குறைகூறியது. 1937-இல் ஆலைத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஊதியத்துடன் கூடிய விடுமுறையை உரிமையாக்கியது. 1952-இல் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் வந்தது. தயவாகப் பெற்றது உரிமையானபின் அதற்காக எவரும் மகிழ்வதில்லை; கிடைக்காவிடில் வெகுள்வர். ஊதியமும் பணிநிலைமையும் குறைந்தால் அதிருப்தி விளையும், அவை நிறைந்தால் மட்டும் நிறைவு விளையாது என்று அமெரிக்க உளவியலறிஞர் ஹெர்ஸ்பெர்க் 1959-இல் எழுதியது இங்கு நினைக்கத்தக்கது. அவர் ஆராய்ந்தது சுமார் 200 பொறியாளரையும் கணக்கரையுமே. தறிக்கூடத்துக்கு அம்முடிவை அப்படியே பொருத்துதல் சரியாகாது.

தொழிலாளியின் மகன் பள்ளி சென்றவன். அவனுக்கு அளவுகோல் ஊரிலுள்ள நிலமன்று; நகரத்து அலுவலக நாற்காலி. கைத்தொழிலினும் எழுதுகோல் உத்தியோகத்தை உயர்வாகக் கருதும் வங்க நடுத்தர வகுப்பாரின் வழக்கம் அவனையும் பற்றியது. பிளாஸ்டிக் சாக்குகளின் போட்டியால் பல ஆலைகள் நலிந்தமையின், தந்தை பெற்ற நிலையான வேலையும் அவனுக்கு அரிதாயிற்று.

களப்பணியாளர், "வேலையில் திருப்தியா?" என்று மட்டும் வினவினால், "ஏதோ நடக்கிறது" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். "உங்கள் மகனை இவ்வேலையில் சேர்ப்பீர்களா?" என்றும் கேட்டல் வேண்டும். முதல் வினாவுக்கு 'ஆம்' என்றவரே இரண்டாவதற்கு 'இல்லை' எனக்கூடும். இரு விடைகளையும் தனித்தனியே குறித்துக்கொள்க. கூட்டிச் சராசரி காணலாகாது.