கட்டிலோரத் திரை வாங்கலாமா?

கேள்வி: வெளிநாட்டு மாமா தனது பழைய சோனி டேஷை விலைக்குத் தருகிறார். மணி, வானிலை, பாட்டு எல்லாம் வருமாம். வாங்கலாமா?
– வாசகி, பட்டிப்பொல

பதில்: சும்மா தந்தால் வாங்கி வையுங்கள், காசு கேட்டால் வேண்டாம் தங்கச்சி. 2010இல் வந்த டேஷுக்கு 7 அங்குலத் திரை, பார்க்க அழகுதான். ஆனால் அது காட்டுவதெல்லாம் இணையத்தின் வழியே வரவேண்டும். 2017 ஜூலையில் சோனி அந்தச் சேவையை நிறுத்தியதோடு கதை முடிந்தது. உள்ளே மின்கலமும் கிடையாது. கரண்ட் போனால் திரையும் போகும். 6,226 அடி உயரத்தில் இருக்கும் உங்களுக்கு வானிலை சொல்ல ஜன்னல் போதாதா?

மாமாவிடம் இருப்பது டேஷ் போன்ற இன்னொரு இணையத் திரையான சம்பி (Chumby) என்றால் யோசிக்கலாம். அதைச் செய்த நிறுவனமும் 2012இல் மூடியதுதான். ஆனால் அதன் உள்ளமைப்பைத் தொடக்கத்திலேயே பகிரங்கமாக வைத்திருந்தார்கள். நோண்டிப் பார்க்கும் தம்பி வீட்டில் இருந்தால் நல்ல விளையாட்டு. 2014இல் மாதச் சந்தாவோடு சேவையும் திரும்பி வந்தது.

எதுவானாலும், வாங்குமுன் வைஃபையில் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். அடாப்டரில் 230 வோல்ட் தாங்கும் என்று இருக்கிறதா பாருங்கள். காலையில் தோட்டத்துப் பிரட்டுக்கு (வேலை ஆள்கணக்குக்கு) எழும்ப, பழைய போனின் அலாரமே போதும்.