வில் பழகினால் மனம் பழகும்



உடம்புக்குக் காய்ச்சல் வந்தால் ஊசி போட்டுக்கொள்ள ஓடுகிறோம். மனசுக்குப் படபடப்பு வந்தால் என்ன செய்கிறோம்? கணவர் மனைவி மேல் எரிந்து விழுகிறார். மனைவி பிள்ளையை வைகிறார். பிள்ளை தெருநாய் மேல் கல்லெறிகிறது. குடும்ப நலம் என்பது எத்தனை பிள்ளைகள் என்ற கணக்கு மட்டும் அல்ல. வீட்டில் இருப்பவர்களின் மன அமைதியும் அதில் சேர்ந்ததுதான். மனதை நிலைநிறுத்தப் பழக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. அதுதான் வில்வித்தை.

வில்வித்தை மனதுக்கு என்ன செய்கிறது?

ஒலிம்பிக் போட்டியில் இலக்கு 70 மீட்டர், அதாவது சுமார் 230 அடி தள்ளி இருக்கிறது. பத்து மதிப்பெண் தரும் நடுவட்டத்தின் அகலம் 12.2 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு கொட்டாங்கச்சி அளவு. கைபலம் மட்டும் இருந்தால் அதில் அடித்துவிட முடியாது.

1. கவனம் ஒன்றில் நிற்கிறது. கால் ஊன்றுவது, அம்பைப் பூட்டுவது, நாணை இழுப்பது, குறி பார்ப்பது, விடுவது என்று ஒவ்வொரு அம்புக்கும் அதே வரிசை. அந்த நேரத்தில் கடனையும் பக்கத்து வீட்டுச் சண்டையையும் நினைக்க இடமில்லை. ஓயாமல் ஓடுகிற மனசுக்கு அது ஓர் ஓய்வு.

2. மூச்சு வசப்படுகிறது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வில் வீரர்களின் இதயத் துடிப்பைத் திரையில் காட்டினார்கள். பெரிய வீரர்களுக்கும் நெஞ்சு படபடக்கத்தான் செய்தது. படபடப்பு வந்தாலும் நிதானமாக வேலையைச் செய்யக் கற்பதே பயிற்சி. மூச்சை மெதுவாக வெளியே விட்டால் துடிப்பு தணியும்.

3. போனதை விடப் பழகுகிறோம். தவறிய அம்பைத் திரும்பப் பிடிக்க முடியாது. காற்றும் வெயிலும் நம் கையில் இல்லை. அடுத்த அம்பு மட்டும்தான் நம் கையில்.

ஒரு தம்பதியைப் பாருங்கள்

ஜார்க்கண்ட் மாநிலம் ராஞ்சியைச் சேர்ந்தவர் தீபிகா குமாரி. தந்தை ஆட்டோ ஓட்டியவர். சிறுமியாக மாங்காயைக் கல்லால் குறிபார்த்து அடித்துப் பழகியவர். அவரும் வில் வீரர் அதானு தாஸும் 2020-இல் திருமணம் செய்துகொண்டார்கள். 2021 ஜூனில் பாரிஸ் நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில், ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் கலப்பு அணிப் பிரிவில் இருவரும் தங்கம் வென்றார்கள்.

அந்த ஆட்டத்தில் ஒரு சுற்றுக்கு ஆளுக்கு இரண்டு அம்பு. நாலையும் 80 விநாடிக்குள் எய்தாக வேண்டும். ஒருவர் குறி தவறினால் மற்றவர் முகம் சுளிக்க நேரமில்லை. இறுதி ஆட்டத்தில் முதலில் பின்தங்கிய பிறகுதான் அவர்கள் ஜெயித்தார்கள்.

2022 டிசம்பரில் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தீபிகா மறுபடியும் வில்லோடு நின்றார். "கல்யாணம் ஆச்சு, பிள்ளையும் பிறந்தாச்சு, இனி பொம்பளைக்கு என்ன விளையாட்டு?" என்று கேட்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

வில் இல்லாத வீட்டில் என்ன செய்யலாம்?

* வாக்குவாதம் முற்றும்போது பேச்சை நிறுத்துங்கள். மூன்று முறை மூச்சை மெதுவாக வெளியே விட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.
* இன்றைய சண்டையில் போன வருஷத்துக் குற்றத்தை இழுக்காதீர்கள். அது எய்து முடிந்த அம்பு.
* தினமும் கால் மணி நேரம் செல்போனை ஒதுக்கி வைத்து ஒரே வேலையைச் செய்யுங்கள். பூக் கட்டுவது, கூடை முடைவது எதுவானாலும் சரி.

பிள்ளைகள் வில் பழக விரும்பினால்

மகன், மகள் இருவரையும் அனுப்புங்கள். பயிற்சியாளர் இல்லாமல் வேண்டாம். முதலில் இழுக்க லேசான வில்லே போதும். அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விட்டால் வில் உடைந்து காயம் படலாம். எல்லோரும் எய்து முடிக்கும் முன் அம்பு பொறுக்க யாரும் போகக் கூடாது. ஆள், ஆடு, மாடு இருக்கும் பக்கம் விளையாட்டுக்கும் குறி வைக்கக் கூடாது. கர்ப்பிணித் தாய்மார்கள் டாக்டரைக் கேட்டே பழக வேண்டும்.

முக்கியமாக ஒன்று

வில்வித்தை மருந்துக்கு மாற்று அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். மனைவி மேல் கை ஓங்குவதைக் 'கோபம்' என்று சொல்லி மூடக் கூடாது, அது குற்றம். அப்படிப்பட்ட வீட்டில் மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது. பெண்கள் 181 என்ற எண்ணை அழைக்கலாம்.

சந்தேகம் இருந்தால் உங்கள் ஊருக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே வந்து கேட்டால் இன்னும் நல்லது.