ஆட்டம் எங்கே இருக்கிறது?

அன்புள்ள தம்பிக்கு,

ஒரகடத்தில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்து, முதல் சம்பளத்தில், படத்தை நிறுத்தி வரைய மேசைமேல் வைக்கும் மர ஈசல் ஒன்று வாங்க நினைப்பதாக எழுதியிருக்கிறாய். உன் பணத்துக்குக் கிடைப்பவை எல்லாம் ஆடுகின்றன என்றும், காத்திருந்து நல்லதாக வாங்கலாமா என்றும் கேட்கிறாய். மலிவானதையே வாங்கு. ஆனால் பாலிஷையும் மரத்தின் நிறத்தையும் பார்த்து வாங்காதே. ஈசலின் தரம் பெரும்பாலும் இணைப்புகளில்தான் இருக்கிறது. ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டால், நாலைந்து வாஷர்களையும் இரண்டு மரச்சட்டங்களையும் வைத்தே அதை நிறுத்திவிடலாம். அப்படிக் கண்டுபிடிக்கும் படிப்பைத்தான் நீ இப்போது தொழிற்சாலையில் சம்பளத்தோடு படித்துக்கொண்டிருக்கிறாய்.

முதலில், ஈசல் வேண்டுமா என்றே சிலர் கேட்பார்கள். தஞ்சாவூர் ஓவியர்கள் பலகையைக் கிடத்தித்தானே கல் பதிக்கிறார்கள், கலம்காரித் துணி விரித்த நிலையில்தானே எழுதப்படுகிறது என்பார்கள். அது நியாயமான கேள்வி. மக்குப் பூசிப் புடைப்பு எழுப்புவதற்கும், சாயம் ஓடுகிற துணிக்கும், நீர் நிறைய விடும் வாட்டர்கலருக்கும் கிடந்த பரப்புதான் சரி. நீ வரைவது அக்ரிலிக்கில், அதுவும் மனித முகங்கள். மேசையில் கிடக்கும் தாளை உட்கார்ந்தபடி பார்க்கும்போது பார்வை சாய்வாக விழுகிறது. பார்வைக்கும் தாளுக்கும் இடையே 45 பாகைக் கோணம் இருந்தால் தாளின் உயரம் ஏறத்தாழ 70 சதவீதமாகச் சுருங்கித் தெரியும். 30 பாகை என்றால் பாதியாகத் தெரியும். உன்னிடமிருந்து தள்ளியிருக்கும் மேல்விளிம்பு கீழ்விளிம்பைவிட அதிகமாகச் சுருங்கும். கண் அதை அறியாமலே ஈடுகட்டும்; கை நெற்றியை இழுத்து வரையும். படத்தைச் சுவரில் நிறுத்திப் பார்க்கும்போதுதான் தலை பெரிதாகிவிட்டது தெரியும். வரைகிற கையில் குறையில்லை, பலகை கிடந்த கோணம்தான் காரணம். பார்வைக்குச் செங்குத்தாகப் பலகையை நிறுத்தினால் இந்தத் தொல்லை போய்விடும். நாற்காலியில் சாய்த்துவைத்த பலகையும் அந்த வேலையைச் செய்யும், ஈசல் அதை ஆடாமல் செய்ய வேண்டும்.

அந்த ‘ஆடாமல்’ என்ற சொல்லில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருளத் தொடங்கியதிலிருந்து அந்தச் சுற்றுவட்டாரத்து இளைஞர்கள் பலருக்குப் பழகிப்போன சொல் ஃபிக்சர். வெல்டிங்குக்கோ துளை போடவோ ஒரு பாகத்தை அசையாமல் பிடிக்கும் சாதனம். அதன் அடிப்படை விதியை உன் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள்: அகன்ற பரப்பை மூன்று புள்ளிகளில் தாங்கு, நீள விளிம்பை இரண்டில் நிறுத்து, மற்றொரு விளிம்பை ஒன்றில் முட்டவிடு, பிறகு இறுக்கு. ஈசலும் ஒரு ஃபிக்சர்தான். கேன்வாஸின் அடிவிளிம்பு தட்டில் உட்காருகிறது. இரண்டு புள்ளிகள் கிடைத்துவிட்டன. முதுகுப்புறம் என்ன ஆகிறது என்று பார். மலிவான ஈசல்களில் நடுவில் ஒரே ஒரு சட்டம் மேலே போகும். கேன்வாஸ் அதில் சாய்ந்திருக்கும். வலது மேல்மூலையில் தூரிகையை அழுத்தினால் கேன்வாஸ் அந்த நடுச்சட்டத்தை அச்சாகக் கொண்டு திரும்பும், இடது மூலை முன்னால் வரும். மேல்பிடியை எவ்வளவு இறுக்கினாலும் இது போகாது, ஏனென்றால் அகலவாட்டில் தாங்கலே இல்லை. மருந்து எளிது. 30 செ.மீ. நீளமுள்ள ஒரு மரச்சட்டத்தை நடுச்சட்டத்தின் மேல்பகுதியில் குறுக்காக வைத்து இரண்டு ஸ்க்ரூ போடு. அதன் முன்முகமும் தட்டின் மேல் கேன்வாஸ் சாயும் இடமும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று ஒரு நேரான அளவுகோலை வைத்துப் பார்த்துக்கொள். இந்த ஒரு மாற்றம் மட்டும் செய்தாலே ஈசல் வேறு ஈசலாகிவிடும்.

அடுத்தது போல்ட்டுகள். கடையில் ஈசலைத் தட்டிப் பார்ப்பார்கள், தூக்கிப் பார்ப்பார்கள், இரண்டும் வீண். ஒரு கையால் அடியைப் பிடித்து, மறு கையின் ஒரு விரலால் நுனியைப் பக்கவாட்டில் தள்ளிப் பார். நடுச்சட்டத்தை 5 செ.மீ. இடைவெளியில் இரண்டு போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன என்று வைத்துக்கொள். ஒன்றின் துளையில் அரை மில்லிமீட்டர் சந்து இருக்கிறது. மற்றதிலிருந்து 45 செ.மீ. தள்ளியிருக்கும் நுனியில் அது 9 மடங்காகி நாலரை மில்லிமீட்டர் ஆட்டமாக வெளிப்படும். கண்ணிமை வரையும்போது நாலரை மில்லிமீட்டர் என்றால் என்ன என்பது உனக்கே தெரியும். விங் நட்டை இன்னும் இறுக்கினால் போதாதா என்று கேட்பாய். சில நாள் போதும். சிறிய வாஷர் பைன் போன்ற மென்மையான மரத்துக்குள் அழுந்தி நாரை நசுக்கும், இறுக்கம் தளரும், மறுபடி இறுக்குவாய், இன்னும் அழுந்தும். மரம் ஈரத்துக்கு உப்பிக் காய்ச்சலுக்குச் சுருங்குவதும் சேர்ந்துகொள்ளும். ரேகை ஓடும் நீளவாட்டில் மரம் அநேகமாக மாறுவதில்லை. குறுக்குவாட்டில்தான் மாறுகிறது, போல்ட் இறுக்குவதும் அந்தக் குறுக்குவாட்டில்தான். ஐப்பசி மழையில் திருக முடியாமல் இறுகிய நட், அக்கினி நட்சத்திரத்தில் தானே கழன்று வருவது இதனால்தான். ஆகவே ஒவ்வொரு போல்ட்டுக்கும் இரண்டு பக்கமும் அகலமான வாஷர் போடு, விங் நட்டுக்கு அடியில் ஒரு ஸ்பிரிங் வாஷர் சேர். துளையே பெரிதாகியிருந்தால் மரத் தக்கை ஒன்றை ஃபெவிகால் தடவி அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு போல்ட்டின் அளவுக்குச் சரியாகப் புதிதாகத் துளை போடு. வெறும் இறுக்கம் கொண்டு சந்தை ஈடுகட்ட முடியாது.

பின்காலைப் பிடிக்கும் சங்கிலியையோ கயிற்றையோ பார். கால் அதற்கு மேல் விரியாமல் அது தடுக்கும். உள்நோக்கி மடிவதைத் தடுக்காது. ஈசலைச் சற்றுத் தூக்கி நகர்த்தினால் கால் மடங்கி, ஈரப் படம் மேசையில் கவிழும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் போகும்போது தெரியும் உயர் அழுத்த மின்கோபுரங்களைக் கவனித்திருப்பாய். எவ்வளவு மெல்லிய இரும்பு, எவ்வளவு உயரம். அவை நிற்பதற்குக் காரணம் முக்கோணங்கள். மூன்று பக்கமும் விறைப்பாக இருந்தால் முக்கோணம் வடிவம் மாறாது. உன் ஈசலில் முன்கால், பின்கால் என்று இரண்டு பக்கங்கள் விறைப்பு. மூன்றாவது பக்கம் தொங்கும் சங்கிலி. அதைக் கழற்றிவிட்டு ஒரு மெல்லிய மரச்சட்டத்தை வை. ஒரு முனை போல்ட்டில் நிலையாகச் சுழலட்டும். மறுமுனையில் மூன்று துளைகள் போட்டால் மூன்று சாய்வுகள் கிடைக்கும்.

பின்னால் கவிழ்வதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஈசலும் கேன்வாஸும் சேர்ந்து 1 கிலோ, எடையின் மையம் பின்காலுக்கு 16 செ.மீ. முன்னால் இருக்கிறது, தூரிகை 40 செ.மீ. உயரத்தில் அழுத்துகிறது என்றால், 400 கிராம் அழுத்தத்தில் முன்கால்கள் மேலே எழும்பிவிடும். பேலட் கத்தியை ஒரு சமையலறைத் தராசில் அழுத்திப் பார், 400 கிராம் எவ்வளவு சிறிய அழுத்தம் என்று புரியும். அதே மையத்துக்கு நேர்கீழே 1 கிலோ மணலைத் துணிப்பையில் கட்டித் தொங்கவிட்டால் அது 800 கிராம் ஆகும். வழவழப்பான மேசையில் ஈசல் கவிழும் முன்பே வழுக்கும். பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கால்களுக்கு அடியில் ஒட்டினால் வழுக்குவது நிற்கும்.

எல்லா ஈசலும் திருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். சட்டத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து ஆசாரிகள் பார்ப்பதுபோல ஒற்றைக்கண்ணால் நீளவாட்டில் பார். முறுக்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. போல்ட் துளையிலிருந்து ரேகையோடு விரிசல் ஓடினாலும், இணைப்பின் அருகே பெரிய கணு இருந்தாலும் வேண்டாம். சேர்க்க வேண்டிய சட்டங்களுக்கு உன் பக்கத்திலேயே மரம் இருக்கிறது. வெளிநாட்டு உதிரிபாகங்கள் வந்திறங்கும் பைன் பேலட்டுகளின் பழைய சட்டங்களைக் கேட்டு வாங்கிக்கொள். அவற்றில் கோதுமைக் கதிர் போன்ற சின்னத்தோடு ஒரு முத்திரை இருக்கும். அதில் ‘எச்.டி.’ என்றிருந்தால் மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்துப் பூச்சிகளைக் கொன்றிருக்கிறார்கள் என்று பொருள். ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு பயன்பட்டிருக்கிறது, அதை விட்டுவிடு. முத்திரையே இல்லாததும், எண்ணெயோ ரசாயனமோ கறைபட்டதும் வேண்டாம். உப்புத்தாள் தேய்த்து லின்சீட் ஆயில் பூசலாம். பூசிய துணியைச் சுருட்டிப் போடாதே, தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயவிட்டுப் பிறகு எறி.

இதெல்லாம் ஆசாரி வேலை, ஓவியனுக்கு எதற்கு என்று உன் அறை நண்பர்கள் சொல்வதாக எழுதியிருந்தாய். சென்னையில் ஓவியக் கல்வி தொடங்கிய விதம் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. 1850இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. ஓவியமும் கைத்தொழிலும் அங்கே ஒரே கூரையின் கீழ் நடந்தன. 1898இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கியதும் அந்தப் பள்ளியில்தான். அங்கே முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியபோது, பாத்திக் துணி போன்ற கைவேலைப் பொருள்களை விற்ற பணம்தான் நிலம் வாங்க உதவியது. கை தெரிந்தவர்கள் ஓவியர்களாகவும் இருந்தார்கள். இன்னொரு பக்கமும் உண்டு: மாதக் கணக்கில் ஈசலையே செப்பனிட்டுக்கொண்டு படம் வரையாமல் இருப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த அபாயம் உண்மையானது. அதனால்தான் இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியக்கூடிய வேலைகளை மட்டும் சொல்லியிருக்கிறேன். தட்டின் முன்விளிம்பு படத்தின் அடியை மறைக்கிறது, பெயிண்ட் அதில் ஒட்டுகிறது என்பது போன்ற சில்லறைக் குறைகளை அப்படியே விட்டுவிடு.

விலை உயர்ந்த ஈசலுக்கு எடுத்துவைத்த பணத்தில் மிச்சமிருப்பதை நல்ல வெள்ளை பெயிண்ட் ஒரு பெரிய டியூபுக்கும் இரண்டு கேன்வாஸுக்கும் செலவிடு. முதலில் குறுக்குச் சட்டத்தைப் பொருத்து, பிறகு போல்ட்டுகள், கடைசியாகப் பின்கால். முடித்ததும் நுனியை ஒரு விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. அந்த ஈசலில் முதலில் யாருடைய முகத்தை வரைந்தாய் என்பதையும் எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்