கடுக்காயும் துருவும்: மூலிகைத் துவர்ப்பின் தன்மை

நூலைச் சாயத்தொட்டியில் இடுமுன் கடுக்காய் நீரில் ஊறவைக்கும் வழக்கத்தை நெசவாள அங்கத்தினர்கள் அறிவர். அதே கடுக்காய், தான்றிக்காயோடும் நெல்லிக்காயோடும் கூடித் திரிபலாவாகி மருந்துக் கடைக்கும் செல்கின்றது. ஈரிடத்தும் முக்கியமாக வேலை செய்வது டானின் என்னும் துவர்ப்புச் சத்தே ஆகும். உலர்ந்த கடுக்காயின் எடையில் 30 சதவிகித அளவிற்கு அது இருப்பதுண்டு.

இரும்பு துருப்பிடிப்பதும், எண்ணெய் காறிப்போவதும், அரிந்த கத்தரிக்காய் கறுப்பதும் பிராணவாயுச் சேர்க்கையின் விளைவுகள். உண்ட உணவு உடலில் எரிந்து சக்தியாகும்போதும், எலெக்ட்ரான் குறைபட்ட மூலக்கூறுகள் சில தோன்றி, அருகிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் தாக்குகின்றன. துவர்ப்புச் சத்து தன்னிடமுள்ள ஹைட்ரஜனை ஈந்து அவற்றை அடக்கவல்லது, இரும்பையும் பற்றிக்கொள்ளும். கடுக்காய் நீரில் இரும்பாணி விழுந்தால் நீர் கறுப்பது இதனாலேயே.

இத்தன்மையை அளப்பதற்கு 1958-இல் பிளாய்ஸ் என்பார் வெளியிட்ட முறை சாயக்காரருக்கு எளிதில் விளங்கும். டி.பி.பி.எச். என்னும் ஊதா நிறக் கரைசலில் மூலிகைச் சாற்றைச் சேர்க்க, ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு வலிமை.

ஆனால் கண்ணாடிக் குழாய் வேறு, மனித உடல் வேறு. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் ஒரு சோதனை நடத்தி, அதன் முடிவை 1994-இல் வெளியிட்டனர். பிராணவாயுச் சேர்க்கையைத் தடுக்கும் எனப் பெயர்பெற்ற பீட்டா கரோட்டீன் மாத்திரையை உட்கொண்டோரிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவிகிதம் மிகுந்தது! ஆகவே, சோதனைக் குழாயில் நிறம் வெளுத்ததைக் காட்டி, "சர்க்கரை நோய் தீரும், புற்று தீரும்" என்று பொட்டலத்தில் அச்சிடுவது தகாது. அதனை நம்பி ஓர் அங்கத்தினர் டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டால் யார் பொறுப்பு? மேலும், துவர்ப்புச் சத்து உணவிலுள்ள இரும்புச் சத்தை உடலில் சேரவொட்டாது தடுக்கும். இரத்தசோகை உள்ள பெண்கள் உணவோடு இதனை உட்கொள்ளலாகாது.

இனி, பயிரிடுவோர்க்கு. கடுக்காய் மலைச் சரக்கு. நெல்லியும் கீழாநெல்லியும் நம் செங்கற்பட்டுப் பக்கத்தில் விளைபவை. தண்டரையில் 1986-இல் தோன்றிய இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம், மூலிகை நாற்று வளர்ப்பையும் மருந்துச் சரக்கு ஆயத்தத்தையும் பெண்களுக்குப் பிழைப்பாக்கிக் காட்டியுள்ளது. இத்தொழிலில் சரக்கின் தரம் பெரும்பாலும் உலர்த்தும் களத்திலேயே நிர்ணயமாகின்றது. பறித்த இலையைக் கசக்கிக் குவித்து வைத்தால் குவியல் சூடேறி, அரிந்த கத்தரிக்காய் போலவே கறுத்துச் சத்திழக்கும். அன்றே நிழலில் மெல்லியதாகப் பரப்புக. மாமல்லபுரக் கரையோரத்தில், ஐப்பசி கார்த்திகை மழையில், காய்ந்த சரக்கும் ஈரக்காற்றை உறிஞ்சிப் பூசணம் பிடிக்கும்; அதை வெயிலில் காட்டி மீண்டும் விற்பது வஞ்சகம், பூசண நஞ்சு வெயிலுக்கு அஞ்சாது. கையால் ஒடித்தால் காம்பு மளுக்கென முறியும் வரை உலர்த்தி, காற்றுப் புகாத கலத்தில் அடைத்து, பறித்த தேதியை ஒட்டுக. கஷாயம் காய்ச்ச இரும்புச்சட்டி ஆகாது. மட்பாண்டமோ எவர்சில்வரோ போதும்.