போர்டு போயிடுச்சா? கொஞ்சம் பொறுங்கள்

பட்டனை அழுத்துகிறோம். விளக்கு எரியவில்லை, விசிறி சுற்றவில்லை, திரையில் இருட்டு. பெங்களூர் எஸ்.பி. ரோடு பக்கமோ சென்னை ரிச்சி தெரு பக்கமோ இருப்பவர்கள் பத்துக் கடை ஏறி இறங்கி விசாரிக்கலாம். கர்நாடகத்தின் ஹனூர் பக்கத்து ராமாபுரத்துக்காரருக்கு அந்த வசதி ஏது? ஹனூர், கொள்ளேகால் என்று பஸ் பிடித்து, அங்கேயும் கைவிரித்தால் மைசூர் வரை போக வேண்டும். இந்தப் பகுதி 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது, பிறகு மைசூர் மாவட்டத்துக்குப் போனது, 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். அதனால் யோசனைகள் மட்டும் பஞ்சமில்லாமல் தமிழ், கன்னடம் என்று இரண்டு மொழியிலும் கிடைக்கின்றன. அவற்றில் எதைக் கேட்கலாம், எதைக் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது என்று பார்ப்போம்.

“ஆன் ஆகலைன்னா போர்டுதான் போயிருக்கும்”

அதிகப் பணம் விழுங்கும் நம்பிக்கை இது. அதனால் இதற்கே அதிக இடம்.

‘ஆன் ஆகவில்லை’ என்று நாம் சொல்வதற்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்று, உயிரே இல்லாதது: விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை. இரண்டாவது, விளக்கு எரிந்து விசிறியும் சுற்றும், திரை மட்டும் வராது. மூன்றாவது, கம்பெனி முத்திரை வரை வந்து நின்றுவிடும். மூன்றாவது வகைக்கும் போர்டுக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. அது விண்டோஸ் அல்லது டிஸ்க் கோளாறு.

இரண்டாவது வகையில் முதலில் பார்க்க வேண்டியது திரையை. அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் கணினி ஓடிக்கொண்டிருக்கிறது, பின்விளக்குதான் இல்லை. எச்டிஎம்ஐ ஒயர் இருந்தால் வீட்டு டிவியில் மாட்டுங்கள். டிவியில் படம் வந்தால் கோளாறு திரையிலோ அதற்குப் போகும் மெல்லிய ஒயரிலோ இருக்கிறது. டிவியிலும் வராவிட்டால் அடுத்த சந்தேகம் ரேம். கழற்றக்கூடிய ரேம் உள்ள மாடலில் அதை எடுத்து, பித்தளை நிறத்துக் கால்களைச் சுத்தமாகத் துடைத்து, மறுபடி அழுத்தி மாட்டினாலே உயிர் பெற்ற கணினிகள் ஏராளம். இந்த வேலைக்குப் போர்டு விலை கேட்கும் கடைகளும் உண்டு என்பதால் சொல்லி வைக்கிறேன்.

கணினியே தன் நோயைச் சொல்லவும் செய்யும். சமீப ஆண்டுகளின் பல டெல் மாடல்களில் விளக்கு முதலில் ஆரஞ்சிலும் பிறகு வெள்ளையிலும் சிமிட்டும். ஆரஞ்சு 2, வெள்ளை 3 என்றால் ரேம் தெரியவில்லை என்று அர்த்தம். 2, 7 என்றால் திரை. 3, 1 என்றால் தேதி, நேரத்தைக் காக்கும் பட்டன் பேட்டரி. எச்பியில் கேப்ஸ் லாக் விளக்கு இதே வேலையைச் செய்யும். கடைக்குப் போவதற்கு முன் அந்தச் சிமிட்டலை செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கிடம் பேரம் பேசுவதற்கு அதைவிட நல்ல ஆயுதம் இல்லை.

சரி, முதல் வகை. உயிரே இல்லை. அப்போதும் போர்டு முழுவதும் போனதாக அர்த்தமில்லை. அடாப்டரிலிருந்து வரும் 19 வோல்ட், சார்ஜர் முனை செருகும் ஜாக் வழியாக உள்ளே நுழைகிறது. அங்கிருந்து இரண்டொரு காவல் டிரான்சிஸ்டர்களைத் தாண்டி, 3.3 வோல்ட்டாகவும் 5 வோல்ட்டாகவும் இறங்குகிறது. அந்த மின்சாரத்தில் ஒரு குட்டிக் கண்ட்ரோலர் எப்போதும் விழித்துக்கொண்டிருக்கும். நீங்கள் பட்டனை அழுத்துவது அதற்குத்தான் தெரியும். அது சம்மதித்தால்தான் பிராசசருக்கு ஒரு வோல்ட் அளவிலான மின்சாரம் போகும். இந்த வரிசையில் எந்த இடத்தில் தடை வந்தாலும் வெளியே தெரிவது ஒரே இருட்டுதான்.

இதில் நாமே கவனிக்கக்கூடிய ஒரு அடையாளம் உண்டு. அடாப்டரில் விளக்கு இருந்தால், சுவரில் மாட்டியதும் அது எரிகிறதா பாருங்கள். லேப்டாப்பில் செருகிய நொடியே அணைந்தால் உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கலாம். அடாப்டர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது. பல நேரங்களில் குற்றவாளி, கடுகளவே இருக்கும் ஒரு கெபாசிட்டர். சிப் அளவில் வேலை தெரிந்தவர் அந்தப் பாதையில் குறைந்த வோல்ட்டேஜைச் செலுத்தி, எது சூடாகிறது என்று வெப்பக் கேமராவில் பார்ப்பார். கேமரா இல்லாதவர் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தடவுவார். முதலில் காயும் இடத்தில் கெபாசிட்டர் சிக்கும். போர்டை மாற்றும் செலவு எங்கே, இந்தச் செலவு எங்கே!

அதனால் “போர்டு போச்சு” என்று சொல்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த இடத்தில் வோல்ட்டேஜ் நிற்கிறது? மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தவருக்குப் பதில் தெரியும்.

“முனை பொருந்தினால் எந்தச் சார்ஜரும் போதும்”

போதாது. வோல்ட்டேஜ் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் பழையதைவிடக் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. 90 வாட் கேட்கும் கணினிக்கு 45 வாட் சார்ஜர் போட்டால் சில மாடல் மெதுவாகச் சார்ஜ் ஆகும், சில மாடல் கண்டுகொள்ளவே செய்யாது. டெல், எச்பி சார்ஜர்களின் நடுவில் ஊசிபோல ஒரு முள் இருக்கிறதே, ‘நான் இத்தனை வாட் சார்ஜர்’ என்று கணினிக்குச் சொல்வது அதுதான். அந்த முள் வளைந்தாலோ உடைந்தாலோ 19 வோல்ட் சரியாக வந்தும் பேட்டரி ஏறாது. ஜாக்கையோ பேட்டரியையோ மாற்றுவதற்கு முன், பக்கத்து வீட்டில் அதே அளவுச் சார்ஜர் இருந்தால் ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள்.

டைப்-சி வந்தபின் குழப்பம் கூடியிருக்கிறது. முனை ஒன்றுதான், உள்ளே பேச்சுவார்த்தை வேறு. பெரும்பாலான லேப்டாப்கள் 20 வோல்ட் கேட்கும். செல்போன் சார்ஜர் 5 அல்லது 9 வோல்ட்டோடு நின்றுவிட்டால், காலியான பேட்டரியோடு இருக்கும் கணினி எழுந்திருக்காது. அதைக் கோளாறு என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

தெருவோரத்தில் புதுச் சார்ஜர் வாங்கினால், மேலே பிஐஎஸ் முத்திரையும் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் 8 இலக்கப் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடையது என்று தெரிந்துவிடும்.

“கரண்ட் சரியில்ல, அதான் லேப்டாப் போச்சு”

ராமாபுரத்துக்குத் தொலைவில்லாத சிவனசமுத்திரத்தில் 1902-இலேயே காவிரி நீரில் மின்சாரம் எடுத்தார்கள். அது முதலில் போனது கோலார் தங்கவயலுக்கு. சுற்றுப்பட்டு ஊர்களுக்கு மின்சாரத்தின் மேல் உள்ள மனத்தாங்கல் நியாயமானதுதான். ஆனால் வோல்ட்டேஜ் குறைவதால் லேப்டாப் கெடுவது அரிது. அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சடித்திருக்கும். பல்பு மினுக்கும் மாலை நேரத்திலும் அது தன் 19 வோல்ட்டைக் கொடுத்துவிடும். தனியாக ஸ்டெபிலைசர் வாங்க வேண்டியதில்லை.

உண்மையான எதிரி இடி. மழைக்கு முந்தைய சித்திரை, வைகாசி இடி மலைப்பக்கம் கேட்கத் தொடங்கினால் சுவிட்சை அணைத்தால் போதாது, ப்ளக்கையே பிடுங்க வேண்டும். மூன்று முள் ப்ளக்கை இரண்டு முள் கன்வர்ட்டரில் செருகும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். உலோக மூடியில் கை வைத்தால் சுரீர் என்பது பெரும்பாலும் எர்த் இல்லாததால்தான்.

“பேட்டரியைச் சுத்தமாகத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போடணும்”

நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்து அறிவுரை. சோனி 1991-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயன் பேட்டரிக்கு, பாதியில் சார்ஜ் போட்டால் அதையே முழு அளவாக எடுத்துக்கொள்ளும் அந்த ‘ஞாபக’ நோய் கிடையாது. அதற்கு ஆகாதது, காலியாகவே கிடப்பது. மாதக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்தால் ஒவ்வொரு செல்லின் வோல்ட்டேஜும் கீழே இறங்கி, பாதுகாப்புச் சர்க்யூட் கதவைச் சாத்திவிடும். பிறகு சார்ஜரைப் போட்டவுடன் ஒன்றும் நடக்காது. சில கணினிகள் முதலில் மிகச் சிறிய மின்னோட்டத்தில்தான் ஏற்றும். அரை மணியோ ஒரு மணியோ பொறுத்துப் பார்க்க வேண்டும்.

இதற்குச் சரியான உதாரணம் தமிழ்நாட்டு அரசின் விலையில்லா மடிக்கணினிகள். 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி ஜெயலலிதா தொடங்கிய திட்டம் அது. பர்கூர் மலை இறங்கினால் அந்தியூர்; அந்தப் பக்கத்து உறவுக்காரப் பிள்ளைகள் படித்து முடித்துப் பரணில் போட்ட மடிக்கணினியைக் கீழே இறக்கினால் ஆன் ஆகாதுதான். செத்தது பேட்டரி மட்டுமாக இருக்கலாம். பேட்டரி கழற்றக்கூடிய பழைய மாடலில் அதை எடுத்துவிட்டு, அடாப்டரில் மட்டும் போட்டுப் பாருங்கள். 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று தமிழக அரசு அறிவித்தது. புதிதாக வாங்கும் பிள்ளைகள் அதை விடுமுறைக்குப் பூட்டி வைக்கும்போது பாதிச் சார்ஜ் விட்டு வைக்கட்டும்.

எப்போதும் ப்ளக்கில் போட்டு வைத்தால் வெடித்துவிடும் என்பதும் மிகை. நிரம்பியதும் சார்ஜிங் சிப் நிறுத்திவிடும். 100 சதவீதத்திலும் சூட்டிலும் எந்நேரமும் இருந்தால் ஆயுள் குறையும், அவ்வளவே. பல கம்பெனிகள் 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி தருகின்றன. ஆனால் பேட்டரி வீங்கி டச்பேட் மேலே எழும்பியிருந்தால் அது வேறு கதை. சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், உடனே கழற்றக் கொடுங்கள்.

“பவர் பட்டனை ரொம்ப நேரம் அழுத்தினா கெட்டுப்போகும்”

கெடாது, அதுதான் முதல் மருந்து. சார்ஜரைப் பிடுங்கி, கழற்ற முடிந்தால் பேட்டரியையும் எடுத்து, பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்து, அந்தக் குட்டிக் கண்ட்ரோலர் புதிதாகத் தொடங்கும். பிறகு சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். பேட்டரி உள்ளேயே இருக்கும் பல திங்க்பேட் மாடல்களின் அடியில், இதற்கென்றே குண்டூசி நுழையும் ஓட்டை ஒன்று வைத்திருக்கிறார்கள். கணினியைத் தொடக்கும் பயாஸ் மென்பொருளின் அப்டேட் நடுவில் கரண்ட் போய் இருட்டானதா? பல எச்பிகளில் விண்டோஸ் கீயையும் பி எழுத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பவர் பட்டனை இரண்டு மூன்று நொடி அழுத்தலாம். பல டெல்களில் கண்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் பிடித்தபடி சார்ஜரைச் செருகலாம். இவை எல்லாம் செலவில்லாத வேலை.

“தண்ணி பட்டா அரிசி மூட்டையில வை”

வேண்டாம். ஐபோனை அரிசியில் போடாதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-இல் எழுதி வைத்தது. துகள் உள்ளே போய்க் கெடுக்கும். போர்டை அரிப்பது ஈரமும் மின்சாரமும் சேரும்போதுதான். எனவே முதல் வேலை சார்ஜரையும் பேட்டரியையும் பிரிப்பது. காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஆன் செய்வதுதான் பலர் செய்யும் பெரும் தவறு. கொட்டியது காபி என்றால் சர்க்கரைப் படிவம் காய்ந்தாலும் போகாது. திறந்து ஆல்கஹாலில் கழுவ வேண்டும்.

பேட்டரியை ஃப்ரிட்ஜில் வைக்கும் யோசனையும் இதே ரகம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

“ஹீட் கன் காட்டினா உயிர் வந்திடும்”

வரும், சில வாரங்களுக்கு. இந்த வித்தைக்குப் பின்னால் ஒரு உண்மைக் கதை இருக்கிறது. சில லேப்டாப் கிராபிக்ஸ் சிப்களுக்குள் இருந்த நுண்ணிய பற்றவைப்புகள் பலவீனமாகி விரிசல் விட்டன; 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம் அந்தச் செலவுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. சூடு காட்டினால் விரிசல் தற்காலிகமாக ஒட்டும், மறுபடி விடும். எல்லா இருட்டுக்கும் அதே மருந்தைக் காட்டும் கடையில் லேப்டாப்பைக் கொடுக்காதீர்கள்.

“உள்ளே இருந்ததெல்லாம் போச்சு”

போர்டு செத்தாலும் ஹார்ட் டிஸ்கோ எஸ்எஸ்டியோ பெரும்பாலும் நலமாக இருக்கும். தனியாகக் கழற்றி, யுஎஸ்பி உறையில் போட்டு வேறு கணினியில் படிக்கலாம். விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்கச் சாவி கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். புதிய மேக்புக்குகள் போன்றவற்றில் சேமிப்புச் சிப் போர்டோடு ஒட்டியிருப்பதால் இந்த வழி நடக்காது. குடும்பப் படங்களும் வங்கி விவரமும் இருக்கும் டிஸ்க்கைக் கழற்ற முடியுமென்றால், கழற்றி வைத்துக்கொண்டே கணினியைக் கடையில் கொடுங்கள். ஆன் ஆகிறதா என்று பார்க்க மெக்கானிக்குக்கு அது தேவையில்லை.

கடைசியாக, கடையில் செய்ய வேண்டியது. என்ன கோளாறு, என்ன விலை என்று எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். அது உங்கள் பொருள். பல கம்பெனிகளின் பழுதுபார்ப்பு விவரங்களும் உத்தரவாத விவரங்களும் மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் திறந்த ‘ரைட் டு ரிப்பேர்’ தளத்தில் இருக்கின்றன. ஏமாற்றியதாகத் தோன்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ராமாபுரத்திலிருந்தே கூப்பிடலாம்.